பூவா, இலையா என்று நான் கேட்கவில்லை

ஒரு பொருளின் பெயரை மூன்று மொழிகளில் அறிந்தவர் அந்தப் பொருளை அறிந்தவர் ஆவாரா? மருந்தாளுநராக வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதியில் இப்படி ஒரு கேள்வி இருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. தோன்றிய நாளில், அதற்குக் காரணமான பெண்மணி எங்கள் மருத்துவமனையின் பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் கொடுத்த தண்ணீர்க் குவளையை வாய்வரை தூக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தங்கச் சுரங்க ஊரின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையில் நான் பார்த்த வேலையை இன்று பார்த்துவரும் பெண் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் இப்போதெல்லாம் வாய் திறந்து எதையும் சொல்வதில்லையாம். கைப்பேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டு, "இது கீதா?" என்று, அதாவது இருக்கிறதா என்று, மட்டும் கேட்கிறார்களாம். ஒவ்வொரு காணொளியும் பக்க விளைவே இல்லாத இயற்கை மருந்து என்றுதான் தொடங்குகிறதாம்.

"தினமும் சாப்பிடலாமான்னு கேக்கறாங்க மேடம். நீங்க இருந்தப்ப இன்னா சொல்வீங்க?" என்றார் அவர்.

நான் இருந்தபோது சொன்ன பதில்களில் ஒன்று ஒருவரின் உயிருக்கு மிக அருகில் சென்று திரும்பியது. அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாது என்பதால் எழுதி அனுப்புவதாகச் சொன்னேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் தாங்கல் கொடுக்கும் மேஸ்திரியாக இருந்தார். நான் பெங்களூரில் மருந்தியல் பட்டம் பெற்றேன். வகுப்பில் நிலாவாரை 'சென்னா' என்ற ஆங்கிலப் பெயரோடு வந்தது. குடலைத் தூண்டி மலத்தை வெளியேற்றும் அதன் வேதிப்பொருளின் அமைப்பைக் கரும்பலகையில் பிழையின்றி வரைவேன். அதன் இலையை அந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறையும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அது ஒரு குறை என்று எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. சுரங்கம் மூடப்பட்டுச் சில ஆண்டுகள் கழித்து அந்த மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

எனக்கு ஒரு பெருமை இருந்தது. எங்கள் ஊரில் பெரும்பாலோரைப் போல நானும் வீட்டில் தமிழும், அடுத்த வீட்டில் தெலுங்கும், பள்ளியில் கன்னடமும் பேசி வளர்ந்தவள். நோயாளி எந்த மொழியில் கேட்டாலும் அதே மொழியில் பதில் சொல்வேன். மருந்துக் கவுண்டரில் அது பெரிய வசதி. அந்த வசதிக்குள் ஒரு பள்ளம் இருந்ததைப் பின்னர்தான் கண்டேன்.

எங்கள் தலைமை மருத்துவர் வசுந்தரா மைசூர்ப் பக்கத்துக்காரர், கன்னடம் தாய்மொழி. ஆங்கில மருத்துவம் படித்தவர். மூலிகைகளை அவர் வெறுக்கவும் இல்லை, வணங்கவும் இல்லை. ஒருவர் என்ன விழுங்குகிறார் என்பதில் மட்டும் அவருக்குத் தீராத ஆர்வம். மலச்சிக்கல் என்று யார் வந்தாலும் அந்தச் சொல்லை அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். "எது சிக்கல்? தினமும் வரலையா, வந்தும் கஷ்டமா, வந்தும் முடியலைன்னு தோணுதா?" என்று பிரித்துக் கேட்பார். பிறகு தன் நாற்காலியை மேசையின் இந்தப் பக்கம் இழுத்து, நோயாளியின் அருகில் போட்டுக்கொண்டு, "நேத்து எழுந்ததுல இருந்து சொல்லுங்க" என்பார். எழுந்த நேரம், முதலில் குடித்தது, முதல் உணவு, வெளிக்குப் போகும் உணர்வு வந்த நேரம், அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்பது வரை ஒரு நாளைக் கதையாகக் கேட்டு எழுதிக்கொள்வார்.

எழுதி முடித்ததும் என்னைக் கூப்பிடுவார். அதே கதையை நோயாளியின் வீட்டு மொழியில் நான் மறுபடியும் கேட்க வேண்டும். தமிழில் சொன்னவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவரானால் தெலுங்கில். கன்னடத்தில் சொன்னவர் தமிழரானால் தமிழில். தொடக்கத்தில் இது எனக்கு வீண் வேலையாகப் பட்டது. ஏன் என்று கேட்டபோது, "கடைத்தெரு பாஷையில ஜனங்க சரியானதைச் சொல்றாங்க. மனே பாஷையில செய்றதைச் சொல்றாங்க" என்றார். மனே என்றால் கன்னடத்தில் வீடு.

அவருடைய செய்முறைக்கு ஒரு சான்றாக ஆரோக்கியசாமி மாமாவைச் சொல்லலாம். சுரங்கத்தில் கேஜ் இயக்கியவர். ஆட்களை ஏற்றிய இரும்புக் கூண்டை, ஷாப்டு எனப்படும் செங்குத்தான சுரங்கக் குழியில் பல ஆண்டுகள் மேலும் கீழும் ஓட்டியவர். எழுபது வயதைக் கடந்த அவர் ஒரு நாள் உள்ளே வந்து, உட்காராமலே அறிவித்தார்.

"மேடம், மூணு நாளா கேஜ் பாதி ஷாப்டுலயே நிக்குது. மேலயும் வரல, கீழயும் போவல."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்காமல், "என்ன மருந்து எடுத்தீங்க?" என்றார்.

"இயற்கை மருந்துதான் மேடம். இசப்கோல். ரெண்டு ஸ்பூன் அப்டியே வாய்ல போட்டு ஒரு மடக்குத் தண்ணி. சுரங்கத்துல வேலை செஞ்ச உடம்பு, நமக்குத் தண்ணி ஜாஸ்தி ஆவாது."

மருத்துவர் ஒரு கண்ணாடித் தம்ளரில் இரண்டு கரண்டி இசப்கோல் உமியைப் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றி, மாமாவின் முன்னால் வைத்தார். பிறகு பத்து நிமிடம் கேஜ் ஓட்டிய காலத்தைப் பற்றிக் கேட்டார். எத்தனை மணி அடித்தால் நிறுத்துவது, எத்தனை மணி அடித்தால் இறக்குவது என்று மாமா விரலால் மேசையைத் தட்டித் தட்டிக் காட்டினார். பேச்சு முடிந்ததும் மருத்துவர் தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. உமி முழுவதும் இறுகிய கூழாக அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க ஷாப்டுல நிக்கறது இதுதான்" என்றார் மருத்துவர்.

மாமா தம்ளரை வாங்கித் தானும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தார். "அடப்பாவி, கான்கிரீட் போட்டுட்டனா!" என்றார்.

இரண்டாம் தம்ளரில் ஒரு கரண்டி உமியும் நிறையத் தண்ணீரும் கலந்து, கலந்த உடனே குடிக்கச் செய்து, அதன் மேல் இன்னொரு தம்ளர் வெறும் தண்ணீரும் குடிக்க வைத்தார். அடுத்த நாள் மதியம் மாமா கதவருகில் நின்றபடியே, "மேடம் கிட்ட சொல்லிடும்மா, கேஜ் சர்பேஸுக்கு வந்துடுச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். சர்பேஸ் என்பது சுரங்கத்துக்கு மேலே உள்ள தரை.

மருத்துவர் தன் அலமாரியில் இத்தகைய பொருள்களை மூன்று தட்டுகளில் வைத்திருந்தார். மேல் தட்டில் உலர்ந்த அத்திப்பழம், உலர்திராட்சை, ராகி போன்ற உணவுகள். நடுத்தட்டில் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும் இசப்கோலும் ஆளிவிதையும். அடித்தட்டில் குடலைத் தட்டி ஓடவைப்பவை: விளக்கெண்ணெயும், ஆங்கிலத்தில் பெயர் ஒட்டிய சென்னா புட்டியும். அடித்தட்டுக்கு மட்டும் பூட்டு உண்டு. கடுக்காயை நடுத்தட்டில் வைப்பதா அடித்தட்டில் வைப்பதா என்பதை அவர் கடைசிவரை முடிவு செய்யவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அது இடம் மாறும். மூன்று தட்டிலும் இருந்தவை செடியிலிருந்து வந்தவைதான். இயற்கை என்ற சொல் அவற்றுக்கிடையே எந்த வேறுபாட்டையும் காட்டுவதில்லை என்பதை அந்த அலமாரிதான் எனக்குக் கற்பித்தது. கற்றதைக் கவுண்டரில் கடைப்பிடித்தேனா என்பது வேறு விஷயம்.

மணியம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கெலட்டன் என்ற பகுதியில் வீடு. பிறந்த வீடு தெலுங்கு. வாழ்க்கைப்பட்டது தமிழ்க் குடும்பம். கணவர் குமார் ஆட்டோ ஓட்டுகிறவர். மணியம்மா பெங்களூரில் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலைக்குத் தினமும் விடியற்காலை ரயிலில் போய் வந்தார். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ஒன்றை எங்களிடம் வாங்கிச் சாப்பிட்டுவந்தார்.

ஒரு நாள் காலை நாங்கள் கதவைத் திறக்கும்போதே குமாரின் ஆட்டோ நின்றிருந்தது. ரயில் படியில் ஏறக் காலைத் தூக்கியபோது கால் எழாமல் மணியம்மா நடைமேடையில் உட்கார்ந்துவிட்டாராம். நாடித் துடிப்பு சீராக இல்லை. மருத்துவர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இரத்தத்தில் பொட்டாசியம் அபாயமான அளவுக்குக் குறைந்திருப்பதாகக் கண்டு, ஊசி வழியே ஏற்றி, இரத்த அழுத்த மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார்கள். பேதி மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவர்கள் கேட்டதும், இல்லை என்று இவர் சொன்னதும் அவர்கள் கொடுத்தனுப்பிய சீட்டிலேயே இருந்தன. பொட்டாசியம் குறைந்தால் கை கால் தளரும். மேலும் குறைந்தால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடவும் கூடும்.

மூன்று வாரத்தில் மணியம்மா மீண்டும் வந்தார். நான் முதலில் சொன்ன பெஞ்சும் குவளையும் அன்றைக்குத்தான். மாத்திரையை மாற்றியும் தளர்ச்சி திரும்பியிருக்கிறதென்றால், உடம்பிலிருந்து பொட்டாசிய உப்பை வெளியே இழுக்கும் வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் மூன்றாம் முறை அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வாரா என்பது நிச்சயமில்லை. மருத்துவர் இதை என்னிடம் ஆங்கிலத்தில், தாழ்ந்த குரலில் சொன்னார். இரத்தம் எடுத்து அனுப்பி, பொட்டாசியம் கலந்த மருந்தைக் குடிக்கக் கொடுத்து, இ.சி.ஜி. கம்பிகளைக் கழற்றாமலே நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார்.

"நேத்து எழுந்ததுல இருந்து சொல்லுங்க."

"நாலு மணிக்கி எழுந்தேன் மேடம். டீ குடிச்சேன். வூட்டுக்கு சோறு வடிச்சி வச்சேன். ரயிலு. அப்புறம் ஆஸ்டல்ல ராத்திரி சமையல் வரிக்கும் நின்ன காலு நின்ன மேனி."

"மோஷன்?"

"அதுல ஒரு குறையும் இல்ல மேடம். சுத்தமா போவுது."

மருத்துவரின் பேனா நின்றது. அந்த விடியற்காலை ரயிலில் போகும் பெண்கள் பலர் எங்களிடம் வருவதுண்டு. ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே புகார்தான். வீட்டில் நேரமில்லை, ரயிலில் இடமில்லை, வேலை இடத்தில் மனமில்லை. அடக்கி அடக்கிக் குடல் மறந்துபோகிறது. அதே ரயிலில் ஒருவருக்கு மட்டும் எப்படிச் சுத்தமாகப் போகிறது? மருத்துவர் என்னிடம் திரும்பி, "தெலுகுல கேளுங்க" என்றார்.

நான் தெலுங்கில் கேட்டேன். மணியம்மா அதே நாளை மறுபடியும் சொன்னார். நாலு மணி, பிறகு, "தங்கேடு நீள்ளு." நீள்ளு என்றால் தண்ணீர். தங்கேடு என்பது ஆவாரை. நான் சற்றும் தயங்காமல் மருத்துவரிடம், "ஆவாரம்பூத் தண்ணி மேடம். ஊர்ல எல்லாரும் குடிக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனேன்.

மருத்துவர் கையை உயர்த்தினார்.

"ஸ்வல்ப இருங்க. பூவா, இலையா?"

அதை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மணியம்மாவே பதில் சொன்னார்.

"பூவு எங்க மேடம் கீது? பச்சப் பொடி. கொதிக்க வச்சி வடிகட்டிக் குடிக்கறது."

"எவ்வளவு?"

"மூணு ஸ்பூனு."

கதவருகில் நின்ற குமார், "மொதல்ல ஒரு ஸ்பூனு மேடம். அப்புறம் ரெண்டு. இப்ப மூணு. ஊருக்குப் போனாகூடப் பொடவைக்கு முந்தி அந்த டப்பாவத்தான் பைல வப்பா" என்றார்.

"நீ சும்மா இரு. உனக்கு இன்னா தெரியும் பொம்பளைங்க கஷ்டம்" என்றார் மணியம்மா.

மருத்துவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "முதல்ல டீன்னு சொன்னீங்களே, ஏன்?"

மணியம்மாவுக்கு அந்தக் கேள்வியே வியப்பாக இருந்தது. "தமிழ்ல அத்த இன்னான்னு சொல்றது மேடம்? எங்கம்மா வூட்ல தங்கேடு நீள்ளுன்னுவோம். இங்க வந்து அப்டிச் சொன்னா சிரிக்கறாங்க. சூடா குடிக்கறோம், டீதான?"

"பேதி மருந்து சாப்பிடறீங்களான்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்களே?"

"அது மருந்து இல்லியே மேடம். தங்கேடு."

குமார் ஆட்டோவில் போய் டப்பாவைக் கொண்டுவந்தார். பழைய ஆர்லிக்ஸ் டப்பா. உள்ளே இருந்தது மங்கலான பச்சைப் பொடி. ஆவாரம்பூவின் மஞ்சள் அதில் எங்கும் இல்லை. மருத்துவர் அடித்தட்டின் பூட்டைத் திறந்து, சென்னா புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நிறமும் மணமும் ஒன்றுதான். ஆனால் அவர் முடிவு சொல்லவில்லை. "பொடியைப் பார்த்துச் சொல்றது ஊகம். வாங்கின கடையில இலை இருக்கும். போய்ப் பாருங்க" என்று என்னை அனுப்பினார்.

அண்டர்சன்பேட்டையில் ஏகாம்பரம் அண்ணன் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். கல்லாவைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, அவரே இரண்டு சாக்குகளிலிருந்து இரண்டு இலைகளை எடுத்துக் காகிதத்தில் வைத்தார். ஒன்று முனை மழுங்கிய சிற்றிலை. மற்றொன்று ஒடுங்கி, ஈட்டிபோல் கூர்ந்தது.

"இது ஆவாரை. இது நிலாவாரை. தெலுங்குல தங்கேடு, நேல தங்கேடு. கன்னடத்துல ஆவரிகே, நெலாவரிகே. மூணு பாஷையிலயும் முன்னால நிக்கற அந்த நிலத்தத்தான் ஜனங்க முழுங்கிடறாங்க. ஒண்ணு உடம்பு சூட்டுக்கு, சக்கரைக்கின்னு குடிக்கறது. இன்னொண்ணு பேதிக்கு. அந்தம்மா மோஷன் வரலன்னு கேட்டுது, நான் நேல தங்கேடு குடுத்தேன். சரியாத்தான் குடுத்தேன்."

"தினமும் குடிக்கறாங்க அண்ணே. மூணு ஸ்பூன்."

அவர் முகம் மாறியது. "நான் வாரத்துல ரெண்டு நாளுன்னு சொன்னேம்மா! அதுவும் ரெண்டு வாரத்துக்கு மேல வேணாம்னேன். அடுத்த மாசம் வந்து, 'நீங்க சும்மா பயம் காட்டறீங்கண்ணே, ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கற படிச்ச அக்காவையே கேட்டுட்டேன், தினமும் குடிக்கலாம்னு சொல்லிட்டாங்க'ன்னுது. படிச்சவங்க சொன்னப்புறம் கடைக்காரன் பேச்சு எடுபடுமா? எந்த அக்கான்னு நீயே கேட்டுச் சொல்லு."

எனக்கு அப்போது நினைவு வந்தது. ஒரு சனிக்கிழமை, கவுண்டரில் நல்ல கூட்டம். மணியம்மா இரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டு, தெலுங்கில், தங்கேடு தினமும் குடிக்கலாமா என்று கேட்டார். நானும் தெலுங்கில், "ஒன்றும் செய்யாது, தாராளமாகக் குடிக்கலாம்" என்றேன். அவர் எந்த நோய்க்காகக் கேட்கிறார் என்று கேட்கவில்லை. அவர் மொழியிலேயே பதில் சொன்ன மகிழ்ச்சியில் அடுத்த சீட்டை வாங்கிவிட்டேன். அதே நொடியில் என் இன்னொரு கை, உப்பை வெளியேற்றும் மாத்திரையை அவருக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் அண்ணே" என்றேன்.

ஏகாம்பரம் அண்ணன் இரண்டு இலைகளையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, ஒவ்வொன்றிலும் மூன்று மொழியிலும் பெயர் எழுதி என்னிடம் கொடுத்தார்.

திரும்பி நடக்கும்போது இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தேன். சொல்லிவிட்டால், மருத்துவமனை மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை குறையும். அந்த நம்பிக்கையால்தான் பலர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்கள். சொல்லாவிட்டால், மணியம்மாவின் அறியாமை என்று கோப்பில் எழுதப்படும். அடுத்த சனிக்கிழமை இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்பார். சொல்லிவிடுவது என்று நான் துணிந்தது நீதிமானாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. தவறு எங்கே நடந்தது என்பது சரியாகப் பதிவாகாவிட்டால் அதைத் திருத்தவும் முடியாது என்பதே காரணம்.

மருத்துவர் முழுவதையும் கேட்டார். கோபிக்கவில்லை, தேற்றவும் இல்லை. பதிவேட்டைத் திறந்து, பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்களே எழுதுங்க. எந்த பாஷையில கேட்டாங்க, எந்த பாஷையில சொன்னீங்க, அதுவும் பேக்கு." பேக்கு என்றால் கன்னடத்தில் வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீங்க?"

அந்த மாதம் முழுவதும் கவுண்டருக்கு வந்த ஒவ்வொருவரிடமும் காலையில் முதலில் குடிப்பது என்ன என்று கேட்டேன். பச்சைப் பொடி குடிக்கிறவர்கள் இன்னும் மூவர் அகப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் ஜெபக்கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவர்.

மணியம்மாவிடம் நானே சொன்னேன். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கி, குவளையைத் தானே தூக்கிக் குடிக்கிற அளவுக்குத் தெளிந்த பிறகு, இரண்டு இலைகளையும் அவர் உள்ளங்கையில் வைத்து விளக்கினேன். அவர் வெகுநேரம் இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்க சொன்னது தங்கேடு. நான் குடிச்சது நேல தங்கேடு. ரெண்டு பேருமே பொய் சொல்லலியே அக்கா" என்றார்.

"கேளு, கேளு. 'படிச்சவங்க சொல்றாங்க, நீ ஆட்டோ ஓட்டறவன், உனக்கு இன்னா தெரியும்'னு என்னைய எத்தினி தபா சொன்ன?" என்றார் குமார்.

"இப்பவும் அதான் சொல்றேன். உனக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தார் மணியம்மா.

ஆனால் பொடியை நிறுத்த வேண்டும் என்றதும் அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. "அத்த வுட்டா வராது மேடம். ஒரு நாளு வுட்டுப் பாத்தேன். வயிறு கல்லு மாதிரி ஆயிடும்" என்று மருத்துவரிடம் கெஞ்சினார்.

மருத்துவர் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இந்தப் பொடிக்கு முன்னாடி, வரணும்னு தோணறது எத்தனை மணிக்கு? அப்ப எங்க இருப்பீங்க?"

மணியம்மா யோசித்தார். "ஏழு மணிக்கி மேடம். ரயில்ல. நிக்கவே எடம் இருக்காது. அடக்கிக்குவேன். ஆஸ்டல்ல வேலக்காரங்களுக்குக் கக்கூஸு மாடியில. சாவி வார்டன் கிட்ட. தினமும் போயி சாவி கேக்க வெக்கம். அப்டியே ஒரு வருசம். அப்புறம் தோணறதே நின்னு போச்சி."

அதுவரை நாங்கள் எந்தச் செடி என்று தேடிக்கொண்டிருந்தோம். நோய் தொடங்கிய இடம் ஒரு சாவி.

மருத்துவர் பொடியை அன்றே நிறுத்தினார். மாலையில் நிறையத் தண்ணீரில் ஒரு கரண்டி இசப்கோல், மதியம் ராகிக் களியும் கீரையும், ஊறவைத்த அத்திப்பழம் இரண்டு, பப்பாளி. காலையில் ஏதாவது சாப்பிட்ட அரைமணிக்குள், வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம், கால்களைச் சிறு பலகை மேல் உயர்த்தி வைத்து, முக்காமல் உட்கார வேண்டும். முதல் நான்கு நாள் எதுவும் நடக்கவில்லை. மணியம்மா அழுதார். நான் தினமும் போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மருத்துவரிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் சிறிது. எட்டாம் நாள் வலியில்லாமல். நடுவில் இரண்டு முறை எனிமா கொடுக்க வேண்டியிருந்தது. குடல் தானாக நேரம் அறிந்து எழ நான்கு மாதம் ஆயிற்று. அந்த இலை மூன்று ஸ்பூனில் ஒரே நாளுக்குள் செய்துவந்த வேலை அது.

இதில் நான் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அத்தனை நாள் விடுப்பில் இருந்ததால் விடுதி வேறொருவரை வேலைக்கு வைத்துக்கொண்டது. மணியம்மாவுக்கு வேலை போயிற்று. கவுண்டரில் நான் சொன்ன அந்தப் பதில் இல்லாதிருந்தால் அது போயிருக்காது என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. போயிருக்கும் என்றும் சொல்ல முடியாது.

அதன் பிறகு எங்கள் மருத்துவமனை மூலிகைகளைப் பொடியாக வாங்குவதை நிறுத்தியது. இலையாகவும் காயாகவும் வாங்கி, வேண்டியவர் கையில் கொடுத்துக் காட்டி, அவர் கண்முன்னே இடித்துக் கொடுத்தோம். உறையின் மேல் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இலையும் ஒட்டினோம். வெளியில் வாங்கியதைக் குடிக்கலாமா என்று கேட்பவரிடம், கொண்டுவந்து காட்டுங்கள் என்றுதான் சொன்னோம்; எதற்காகக் குடிக்கிறீர்கள் என்றும் கேட்டோம். காணொளி காட்டுகிறவர்களுக்கும் இன்று சொல்ல வேண்டியது அதே பதில்தான். மணியம்மா இப்போது சாம்பியன் ரீப்ஸில் ஒரு பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. காலை ஏழு மணிக்கு அவர் வீட்டில் இருக்கிறார்.